கொத்தனாருக்குக் காத்திருந்த கண்டக்டர்

"மஞ்சக்குடி தாண்டிட்டேன் சார், இதோ வந்துட்டேன்" என்று போனில் கொத்தனாரின் குரல் வருகிறது. நாகநாதன் கண்ணை மூடிக்கொண்டு போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்கிறார். குரலுக்குப் பின்னால் ‘டங், டங்’ என்று விட்டு விட்டு ஒரு தட்டல் சத்தம். "அது நாச்சியார்கோயில் பட்டறை சத்தங்க. மஞ்சக்குடி கிழக்க இருக்கு. நாச்சியார்கோயில் மேக்க இருக்கு. ரெண்டுல நீங்க எங்க இருக்கீங்க?" அந்தப் பக்கம் குரல் இறங்குகிறது. "டவர் சரியில்ல சார், அப்பறம் பேசறேன்." போன் நின்றுபோகிறது. "ரைட்" என்று வெறும் போனிடம் சொல்லிவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்.

நாகநாதன் கும்பகோணம்–நாகூர் தடத்தில் அரசுப் பேருந்து கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தடத்தில் எந்த ஊரில் என்ன சத்தம் கேட்கும் என்பது அவர் காதுக்குத் தெரியும். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை, திருவாரூரில் ரயில்வே கேட்டின் மணி, நாகூரில் தர்காப் புறாக்கள் மொத்தமாக எழும்பும் படபடப்பு. போனில் பேசுகிறவர் வாயால் ஓர் ஊரைச் சொன்னாலும் பின்னால் கேட்கிற ஊர் எதுவென்று கண்டுபிடித்துவிடுவார். உத்தியோகத்தில் ஒருநாளும் பயன்படாத திறமை இது. வீட்டுக்குள் ஒரு குளியலறை கட்ட ஆரம்பித்த பிறகுதான் பயன்பட்டது.

குடவாசல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அவருக்குச் சொந்த வீடு. மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். உயரமாக, மெலிந்து, வெயிலில் காய்ந்த உடம்பு அவருக்கு. சும்மா நிற்கும்போதுகூட இடுப்பைத் தூணில் சாய்த்து, கால்களை அகட்டி ஊன்றித்தான் நிற்பார், தரை எந்த நிமிடமும் பிரேக் போடலாம் என்பதுபோல. வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, "எங்கேருந்து வர்றீங்க?" இரண்டு பேர் வாசலில் நின்றுவிட்டால், "உள்ள தள்ளி வாங்க, வழியில நிக்காதீங்க." பேச்சு முடிந்ததற்கு அடையாளம் "ரைட்." அதற்குமேல் யாரும் நிற்க முடியாது. பால்வாடிப் பிள்ளையையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். ஒருமுறை காரணம் கேட்டேன். "ஏறினவங்க எல்லாரும் பாசஞ்சர்தானே தம்பி. அதுல என்ன சின்னவங்க, பெரியவங்க?" என்றார்.

போன பங்குனியில் அவர் மனைவி அகிலாண்டம் கொல்லைப்புறத்துக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து திருச்சியில் அறுவை சிகிச்சை ஆயிற்று. இனி குந்தி உட்காரக் கூடாது, கொல்லைப் படியெல்லாம் இறங்கக் கூடாது, இன்னொருமுறை விழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் குந்தவைக்குத் திருச்சியில் வீடு. அகிலாண்டத்தை அங்கே விட்டுவிட்டு நாகநாதன் தனியாக ஊர் திரும்பினார். படுக்கையறையை ஒட்டி ஒரு சாமான் அறை இருந்தது. அதையே குளியலறையாக்கி, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போட்டுவிட்டால் அழைத்து வந்துவிடலாம். கொத்தனார் வைரக்கண்ணு வந்து பார்த்தார். சுவரைத் தட்டினார், தரையைக் காலால் அளந்தார். "ஒரு வாரத்து வேலை சார். அம்மாவை வரச்சொல்லி இப்பவே போன் போட்டுடுங்க" என்றார். நாகநாதன் அப்படியே போன் போட்டார்.

வைரக்கண்ணு முதல் நாள் வந்து உடைத்த வேகத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். சாயங்காலத்துக்குள் பழைய தரை முழுக்க வாசலில் குவியலாகக் கிடந்தது. அதோடு ஆள் மறைந்துவிட்டார். அவருடைய கரண்டி, கலவைச் சட்டி, மட்டம் பார்க்கும் ரசமட்டம் மூன்றும் சாமான் அறையின் மூலையில் கிடந்தன.

"சாமானை வச்சிட்டுப் போயிருக்காரே. எப்படியும் வந்துடுவாரு" என்றேன் நான்.

நாகநாதன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட்டு புடிப்பாங்கல்ல, அது மாதிரிதான் இதுவும். இங்க ஒரு கரண்டி, அடுத்த தெருவுல ஒரு சட்டி, மஞ்சக்குடியில ஒரு சாரம். துண்டு சீட்டுல இருக்கும். ஆளு டீக்கடையில இருப்பாரு. வேற யாரையும் உக்கார விடாது அந்தத் துண்டு."

அது உண்மைதான். வேறு கொத்தனார்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். வந்தவர்கள் மூலையில் கிடந்த கரண்டியைப் பார்த்தார்கள், யாருடையது என்று கேட்டார்கள், கேட்டதும் பின்வாங்கினார்கள். "வைரக்கண்ணு அண்ணன் கை வச்ச வேலையில நாங்க கை வைக்கறது முறையில்லங்க." ஊரில் எல்லாத் தெருவிலும் வெளிநாட்டுச் சம்பளத்தில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலை தெரிந்த கைகள் அத்தனைக்கும் போதவில்லை.

குழாய் வேலைக்கு ஜாஃபர் சாதிக் என்று ஒருவர். வரச் சொன்னால் வருவார், ஆனால் வேலை செய்ய முடியாது. "கொத்தனார் தரை மட்டம் சொல்லாம பைப்பை எந்த உயரத்துல விடறது சார்?" வைரக்கண்ணுவிடம் கேட்டால், "பைப்பே போடல, நான் எப்படி சார் தரை போடறது?" ஒருநாள் நாகநாதன் மாடியேறி வந்து என் போனை வாங்கினார். தன் போனில் கொத்தனாரையும் என் போனில் ஜாஃபர் சாதிக்கையும் கூப்பிட்டு, இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டு, வாயும் காதுமாக ஒட்டிப் பிடித்துக்கொண்டார். "இப்ப ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்குங்க." அவர்கள் மிக மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்துக்கொண்டார்கள். நாளைக் காலையில் இருவரும் வருவதாக முடிவாயிற்று. மறுநாள் ஜாஃபர் சாதிக் மட்டும் வந்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

இதற்கெல்லாம் நாகநாதன் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. அவரை வாட்டியது வேறு. தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் அகிலாண்டத்துக்குப் போன் செய்வார். காது சற்று மந்தமான அந்த அம்மாவுக்காகச் சத்தமாகப் பேசுவதால் மாடி வரைக்கும் கேட்கும். முதலில் எல்லாம் அந்த அம்மா, "டைல்ஸ் என்ன கலரு? வழுக்காததா பாத்து வாங்கினீங்களா?" என்று கேட்பாராம். பிறகு, "கொத்தனார் வந்தாரா?" என்று மட்டும். ஆடி நெருங்கும்போது அதையும் கேட்பதை விட்டுவிட்டாராம். குந்தவை தாயை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் அது மூன்றாவது மாடி. "குறை ஒண்ணும் இல்லீங்க. காலையில எந்திரிச்சா எங்க உக்காரச் சொல்றாங்களோ அங்க உக்கார்றேன்" என்றாராம் அகிலாண்டம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல், "நாளைக்கு வந்துடுவாரு. அனேகமா அடுத்த வாரம் நீ கிளம்பி வந்துடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். போனைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"‘நீங்களும் கொத்தனார் மாதிரியே பேசக் கத்துக்கிட்டீங்க’ங்கறா தம்பி."

மறுநாள் காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது நானும் கூடப் போனேன். வைரக்கண்ணுவின் ஊர் மஞ்சக்குடியிலிருந்து உள்ளே போகும் சாலையில், வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிறது. பஸ்ஸில் சீட்டுக் காலியாக இருந்தும் நாகநாதன் உட்காரவில்லை. வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்ப்பதுபோல் உதடு அசைந்தது. வைரக்கண்ணு வீட்டில் இல்லை. வயலில் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஆற்றில் தண்ணீர் திறந்து வெகு நாள் ஆகியும் அந்தக் கடைமடைக்கு அப்போதுதான் எட்டியிருந்தது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு இவருக்கு என்றால் இன்றைக்கே பாய்ச்சிக்கொள்ள வேண்டும், விட்டால் அடுத்த முறை வரும்வரை நாற்றங்கால் காயும். குத்தகைக்கு எடுத்த வயலில், முழங்கால் சேற்றில், மண்வெட்டியால் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார் வைரக்கண்ணு. எங்களைக் கண்டதும் நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். போன் மஞ்சள் பையில் சுற்றி வரப்பு மேல் கிடந்தது.

"கண்டக்டர் சார். நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்? நான் சாயங்காலம் வரலாம்னுதான்..."

"வேணாம். சாயங்காலம்னு சொல்லாதீங்க."

நாகநாதன் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தண்ணீர் மடையில் புரண்டு உள்ளே போகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"தண்ணி வந்துருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

வைரக்கண்ணு கையிலிருந்த சேற்றை வழித்தார். "சொன்னா நீங்க வேற ஆளைப் பாப்பீங்க சார். அதுவுமில்லாம, வரலைன்னு சொன்னா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும். வந்துட்டே இருக்கேன்னு சொன்னா அந்த நேரத்துக்காவது நிம்மதியா இருப்பீங்கல்ல."

இதை அவர் தந்திரமாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். நாகநாதனும் அதைப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் குரல் உயரவில்லை.

"கும்பகோணத்துல ட்ரிப்பு ரத்தாகும். டிரைவர் வரமாட்டாரு, இல்ல வண்டி ரிப்பேரா இருக்கும். ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்க, ‘வரும் வரும்னு சொல்லிவைய்யா’ம்பாங்க. நான் அப்படிச் சொன்னதில்ல. நேரா போய், ‘இந்த வண்டி இன்னைக்கு இல்லீங்க’ன்னு சொல்லிடுவேன். திட்டுவாங்க. அம்மா, அக்காளை எல்லாம் இழுத்துத் திட்டுவாங்க. திட்டிட்டு வேற வண்டியைப் பாத்து ஏறிப் போயிடுவாங்க. ஆனா வரும்னு சொல்லிட்டா பாருங்க, கைப்புள்ளையை வச்சிக்கிட்டு அங்கேயே நிப்பாங்க. வெயில்ல நிப்பாங்க. என் வீட்ல ஒருத்தி அப்படித்தான் நின்னுக்கிட்டிருக்கா வைரக்கண்ணு. லேட்டாகறதுல எனக்கு ஒண்ணுமில்ல. எப்ப வருவீங்கன்னு சொல்லுங்க. வரமாட்டீங்கன்னா அதைச் சொல்லுங்க."

வைரக்கண்ணு வாய்க்காலைப் பார்த்தார். நாற்றங்காலைப் பார்த்தார். அவர் உதட்டில் "நாளைக்கு" என்ற சொல் வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. அதை விழுங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இந்த வாரம் வரமாட்டேன் சார். தண்ணி முறை முடியணும். அடுத்த செவ்வாக்கிழமை வர்றேன்."

"ரைட்" என்றார் நாகநாதன். ஊரிலிருந்து யாரோ நல்ல சேதி கொண்டுவந்ததுபோல் முகம் தெளிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் போனில், "இந்த வாரம் இல்ல. கண்டிப்பா இல்ல" என்று அவர் சொன்னது மாடிக்குக் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தோசைதான் ஊத்திக்கிட்டேன்" என்றார். "இல்ல, சட்னி அரைக்கல. பொடி இருந்துச்சு" என்றார். அப்படி ஒரு பேச்சு அந்த வீட்டில் கேட்டுப் பல நாளாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை வைரக்கண்ணு வரவில்லை. ஆனால் காலையிலேயே அவரே போன் செய்து, "இன்னைக்கு இல்ல சார், நாளைக்கு" என்று சொல்லிவிட்டார். மறுநாள் வந்துவிட்டார். ஜாஃபர் சாதிக்கும் வந்தார். மட்டம் பார்த்துப் பைப் விட்டு, தரை போட்டு, சந்தன நிற டைல்ஸ் ஒட்டி, கம்பி பொருத்தி எல்லாம் மளமளவென்று முடிந்தது. அகிலாண்டத்தை ஞாயிற்றுக்கிழமை காரில் கொண்டுவந்து விடுவதாகக் குந்தவை சொல்லிவிட்டாள்.

தரை காய்ந்தபின் நாகநாதன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவந்து மெதுவாக ஊற்றினார். நாங்கள் மூவரும் வாசலில் நின்று பார்த்தோம். தண்ணீர் சரசரவென்று குழாய்த் துளையை நோக்கிப் போயிற்று. எல்லாம் போகவில்லை. டாய்லெட்டின் முன்னால், உட்கார்ந்தால் வலது கால் ஊன்றும் இடத்தில், ஒரு தாம்பாளம் அளவுக்குத் தேங்கி நின்றது.

"அது காஞ்சிடும் சார்" என்றார் வைரக்கண்ணு. "ஒரு வைப்பர் வாங்கி வச்சிக்கிட்டுத் தள்ளிவிட்டீங்கன்னா போதும். தண்ணி ஓடற வாட்டம் எந்த வீட்லயும் நூத்துக்கு நூறு வராது."

எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. "ஒரு ரப்பர் மேட் போட்டுடலாமே சார்" என்றேன். உடைக்கச் சொன்னால் கொத்தனார் மறுபடி மறைந்துவிடுவார் என்ற பயம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை வேறு நெருங்கிவிட்டது. நாகநாதனுக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும்.

"நீங்க ஒரு தடவை உக்காந்து எந்திரிங்க" என்றார் வைரக்கண்ணுவிடம்.

"எதுக்கு சார்?"

"மூடி மேலதான், சும்மா உக்காருங்க. எந்திரிக்கும்போது இடது கால்ல பாரம் குடுக்காதீங்க. அவ அந்தக் கால்ல ஊனக் கூடாது."

வைரக்கண்ணு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். கைலியைச் சரிசெய்துகொண்டு, இடது காலைத் தூக்கினாற்போல் வைத்து, வலது காலை ஊன்றி எழுந்தார். பாதி எழுந்தபோது ஈரத்தில் குதிகால் சறுக்கிற்று. சட்டென்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விழவில்லை. ஆனால் சிரிப்பு போய்விட்டது. சாரத்தில் ஏறி இறங்குகிற உடம்பு அது.

வைரக்கண்ணு வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் நான் நினைத்தேன். சுத்தியலும் உளியுமாகத் திரும்பி வந்து, டாய்லெட்டின் முன்னால் மண்டியிட்டு, அந்த இடத்து டைல்ஸைத் தட்ட ஆரம்பித்தார்.

"அம்மா எப்ப வர்றாங்க?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை ஆகாது சார். கலவை இறுகணும். புதன்கிழமை வரச்சொல்லுங்க."

அதே சந்தன நிற டைல்ஸ் கடையில் தீர்ந்துபோயிருந்தது. சாம்பல் நிறத்தில்தான் கிடைத்தது. அதை ஒட்டியபோது வைரக்கண்ணு அடிக்கொருதரம் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், தண்ணீரைக் கையில் அள்ளித் தெளித்துப் பார்த்தார். நல்ல வேலைக்காரர் என்று ஊர் சொல்வது எதனால் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். நாகநாதன் கேட்கவில்லை, அதனால் நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை குந்தவையின் கையைப் பிடித்துக்கொண்டு அகிலாண்டம் வந்து இறங்கினார். நான்கு கால் ஊன்றுகோல் ஒன்று கூட வந்தது. குட்டையான, உருண்டையான அம்மாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படியை எட்டிப் பார்த்து, "பாத்திரத்தையெல்லாம் இப்படித்தான் கவுப்பாங்களா?" என்றார். பிறகு நேராகக் குளியலறைக்குப் போய் வாசலில் நின்று, மேலும் கீழும் பார்த்தார். கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சாம்பல் நிறப் பகுதியில் கண் நின்றது.

"இது மட்டும் ஏன் வேற கலரா இருக்கு?"

"அங்கதான் நீ காலை ஊனணும்" என்றார் நாகநாதன்.

அந்த அம்மாள் ஊன்றுகோலோடு உள்ளே போனார். குந்தவை பின்னாலேயே போகப் பார்த்தாள். "நீ எதுக்கு? நான் போய்க்கறேன்" என்று கதவு சாத்தப்பட்டது. "தாப்பா போடாதம்மா" என்று குந்தவை சொல்லி முடிப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. குந்தவை அப்பாவைப் பார்த்தாள். நாகநாதன் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். தூக்கிய கை கொஞ்ச நேரம் கதவருகில் நின்றது. பிறகு அதை இறக்கிக்கொண்டு, மகளையும் கண்ணால் கூப்பிட்டபடி கூடத்துக்குப் போனார். டி.வி.யைப் போட்டு, கதவருகில் யாரும் நிற்கவில்லை என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.